அவன் விரல் இருந்த இடம்

என் மகன் இறந்து பதினோரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவனுடைய லேப்டாப்பைத் திறந்து அதன் டச்பேடை ஒரு துணியால் அழுத்தித் துடைத்தேன். நான் செய்த தப்பு அதுதான். அடுத்தவர்கள் செய்கிற தப்பையெல்லாம் முப்பது வருஷமாகக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டவன் நான். என்னுடையதை மட்டும் கடைசிவரை மறைத்து வைத்துச் சொன்னால் நன்றாக இருக்காது.

நான் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். கீழே வெட்டுகிற பழுப்பு நிலக்கரியை மேலே கொண்டுவர பெல்ட்டுகள் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். அவற்றின் மோட்டார், கேபிள், ஸ்விட்ச் எல்லாம் எங்கள் ஆட்களின் பொறுப்பு. பெல்ட் நின்றால் போன் வரும். போய், ஏன் நின்றது என்று பார்த்து, ஓடவைத்துவிட்டு வருவோம். ஷிப்டில் எனக்குக் கோபக்காரன் என்று பெயர். வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதையும் துடைத்துவிட்டுத் தொடு என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். பாதி கோளாறுகளுக்குக் காரணம் தூசிதான். பனியன் கம்பெனியில் மிஞ்சுகிற துணி மூட்டை மூட்டையாக வரும், அதை வேஸ்ட் என்போம். பாக்கெட்டில் ஒரு துண்டு வேஸ்ட் இல்லாமல் நான் வாசலைத் தாண்டியதில்லை. சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கிற நகரியத்து வீடுகளிலும் இதே கதைதான். காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலை இறுக்கி மூடினாலும் மத்தியானத்துக்குள் டிவி மேல் விரலால் கணக்குப் போடலாம். என் மனைவி காலையில் எழுந்ததும் கையில் துணியோடுதான் நடமாடுவாள். சாமி படத்தைத் துடைப்பாள், கேஸ் சிலிண்டரைத் துடைப்பாள், நான் அசையாமல் உட்கார்ந்திருந்தால் என்னையும் துடைத்துவிடுவாள் என்று மகன் கேலி செய்வான்.

அவன் போன பிறகு அவள் வீட்டில் ஒரே ஒரு பொருளை மட்டும் துடைப்பதில்லை. அவனுடைய அறையில், மேஜைமேல் மூடி வைத்திருந்த லேப்டாப்பை. மேஜையைத் துடைக்கும்போது அதைச் சுற்றிக்கொண்டு போவாள். பதினோரு மாதமும் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். அதை நான் கவனிக்கவில்லை.

அவனுக்குப் பொறியியல் படிப்பில் கடைசி வருஷம். குறிஞ்சிப்பாடியில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போய்விட்டு வடலூர் வழியாக பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தான். குறுக்கே ஒரு நாய் வந்தது. ஹெல்மெட் போட்டிருந்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள், அதனால் இங்கேயும் சொல்லிவைக்கிறேன்.

முதலாம் ஆண்டு நினைவு நாள் நெருங்கியது. அவனுடைய நண்பர்கள் நினைவஞ்சலிச் சுவரொட்டி அடிக்கப் போவதாகச் சொல்லி, நல்ல படம் ஒன்று கேட்டார்கள். என் போனில் இருந்த படங்களில் நாக்கை நீட்டியிருப்பான், இல்லை முகத்தைத் திருப்பியிருப்பான். அவன் எடுத்துவைத்த படங்கள் எல்லாம் லேப்டாப்பில் இருந்தன. அந்த வாரம் மனைவி ஊரில் இல்லை. குறிஞ்சிப்பாடி தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கும் அவள் தங்கைக்குக் கண் ஆபரேஷன், கூட இருக்கப் போயிருந்தாள். பஸ் ஏறும்போது சொன்னாள்:

"அவன் ரூம்ல எதையும் நவுத்தாதீங்க. உங்க கை சும்மா இருக்காது."

நான் எதையும் நகர்த்தவில்லை. துடைத்தேன்.

எனக்கு இரண்டாம் ஷிப்ட் நடந்துகொண்டிருந்தது, மத்தியானம்வரை வீட்டில் தனியாகத்தான் இருப்பேன். லேப்டாப்பின் மூடிமேல் தூசி படிந்திருந்தது. பாக்கெட்டிலிருந்து வேஸ்டை எடுத்து மூடியைத் துடைத்தேன். திறந்தேன். எழுத்துப் பொத்தான்களின்மேல் லேசாக ஒரு இழுப்பு இழுத்தேன். அதற்குக் கீழே டச்பேடின் நடுவில், கொஞ்சம் வலது பக்கமாக, எண்ணெய்ப் பிசுக்கு ஒன்று வட்டமாக இருந்தது. முறுக்குத் தின்ற கையோடு தொட்டிருக்கிறான் என்று நினைத்தேன். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கையைக் கழுவிட்டுத் தொடுன்னு" என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டிக்கொண்டே வேஸ்டில் வாயால் ஆவி ஊதி, நான்கு முறை அழுத்தித் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. அதன்பிறகுதான் நான் யாரைத் திட்டினேன் என்பது எனக்கு உறைத்தது. அப்போதும், எதைத் துடைத்தேன் என்பது உறைக்கவில்லை.

சார்ஜரைச் சொருகி, பொறுத்திருந்து, பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி முனகியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அவன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வெளியே கேட்கும், அதை வைத்துத்தான் இன்னும் தூங்கவில்லை என்று கண்டுபிடிப்பேன். திரையில் அவன் பெயர் வந்தது. அவன் பெயரைச் சொல்லி என்னை வரவேற்றது. கடவுச்சொல் எங்கள் குவார்ட்டர்ஸ் எண். இந்த நகரியத்தில் பாதிப்பேருக்கு அதுதான் கடவுச்சொல், திருடனுக்கு வேலை மிச்சம். எண்ணைத் தட்டினேன், எங்கள் தெருவை மழை நாளில் அவன் எடுத்த படம் வந்தது. படத்தின் நடுவில் அம்புக்குறி நின்றது.

டச்பேடில் விரலை வைத்து இழுத்தேன். அம்பு அசையவில்லை. இன்னொரு விரலால் இழுத்தேன், தட்டினேன், அழுத்தினேன். ஒன்றும் இல்லை.

துடைப்பதற்கு முன்னால் அது வேலை செய்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் துடைத்தவன் நான், துடைத்ததும் செத்துக் கிடக்கிறது. நான் ஆவி ஊதியதில் ஈரம் இறங்கியிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். பிறகு நினைத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் திட்டியது அவனுக்குக் கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.

எதிர் வீட்டுக்காரர் கணக்குப் பிரிவில் இருக்கிறவர், அவரிடம் ஒரு மவுஸ் வாங்கிவந்து சொருகினேன். அம்பு ஓடியது. பத்தே நிமிஷத்தில் படம் கிடைத்தது. சட்டையின் மேல் பட்டனையும் போட்டு, பல் தெரியாமல் சிரிக்கிற படம். நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். வந்த வேலை முடிந்தது. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பியிருந்தால், இதில் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் பைபாஸ் போட்டு ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. ஒரு ஸ்விட்ச் கெட்டுப்போனால் அதைச் சுற்றி வயரைப் போட்டு பெல்ட்டை ஓடவிட்டு, வீட்டுக்குப் போய்விடுகிற ஆட்களை நான் எத்தனையோ முறை ஏசியிருக்கிறேன். மவுஸ் அந்த மாதிரிதான். அடியில் கோளாறு அப்படியே இருக்கிறது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அந்தச் சின்னச் சதுரத்தின்மேல்தான் அவன் நான்கு வருஷம் விரல் வைத்திருந்தான். என் தோளில்கூட அவன் கை அவ்வளவு நேரம் இருந்ததில்லை. அவனை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதையாவது ஓடவைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது.

மறுநாள் காலை போனில் காணொளிகளைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லாவற்றிலும் முதலில் ஒன்றையே சொன்னார்கள்: டச்பேடை அணைத்துவைக்க எழுத்துப் பொத்தான்களிலேயே ஒரு வழி உண்டு, யாராவது அணைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் போனேன். யார் அணைத்திருக்கப் போகிறார்கள்? இந்த வீட்டில் லேப்டாப்பைத் தொடத் தெரிந்தவன் ஒருத்தன்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுரங்கத்தில் என் முதல் கேள்வியே அதுதான். பெல்ட்டை ஒட்டி நெடுக ஒரு கயிறு போகும். ஆபத்து என்று தோன்றினால் நடந்துபோகிற யாரும் அதை இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். அதனால் பெல்ட் நின்றது என்று போன் வந்தால், "மொதல்ல யாராவது கயித்தை இழுத்தாங்களான்னு பாரு, அப்புறம் மோட்டாரைக் குறை சொல்லு" என்பேன். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம்.

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், அணைத்துப் போட்டேன், ஆறு முறை. அம்புக்குறி அதே இடத்தில் வந்து நின்றது. பெல்ட் ஸ்விட்சுகளைச் சுத்தம் பண்ண வைத்திருக்கிற கான்டாக்ட் கிளீனரை வேஸ்டில் அடித்து, டச்பேடின் ஓரங்களில் துடைத்தேன், நடுவிலும் துடைத்தேன். இருந்த கொஞ்சநஞ்சமும் அதில் போயிருக்கும். டச்பேடுக்கான மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், அதற்கே ஒரு காலைப்பொழுது போனது. இடையில் இணையத்தைத் திறந்தபோது, விட்ட இடத்திலிருந்து தொடரட்டுமா என்று கேட்டது. அவன் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த பக்கங்களைத் திறக்கவா என்று கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்தக் கை வரவில்லை, சரி என்று அழுத்தவும் வரவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு மூடினேன். மறுநாள் திறந்தபோது அது மறுபடி கேட்டது.

மூன்றாம் நாள் ஒன்று நடந்தது. டச்பேடில் ஐந்து நிமிஷம் விரலால் கோடு இழுத்து அலுத்துப்போய், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் அம்பு நகர்ந்தது. ரொம்ப இல்லை, ஒரு விரல்கடை இருக்கும். நின்றது. மறுபடி மெல்ல நகர்ந்தது. "என்னப்பா" என்று கேட்டேன். அவன் அறைக்கு வெளியே நின்று கூப்பிடும்போது எந்தக் குரலில் கேட்பேனோ அந்தக் குரலில்தான் கேட்டேன். பிறகு பார்த்தால், மவுஸின் வயர் மேஜை விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து மவுஸை இழுத்துக்கொண்டிருந்தது. வயரை மேலே தூக்கிப் போட்டேன். அதைக் கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கோளாறைக் கண்டுபிடித்ததற்காக நான் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

அன்றே அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினேன். டச்பேடுக்குப் போகிற பட்டையான வயர் தளர்ந்திருக்கும் என்பது என் கணக்கு. மூடியைத் தூக்கியதும் உள்ளே தூசி, அதன் நடுவில் சின்னதாக, கறுப்பாக ஒரு முடி சுருண்டு கிடந்தது. தூசியைக் கண்டதும் கை தானாக ஊதும் கருவியை எடுத்தது. வீட்டில் அதற்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். ஒரே ஊது. எல்லாம் போய்விட்டது.

கருவியைக் கீழே வைத்துவிட்டு, டார்ச் எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டேன். கட்டிலுக்கு அடியில், மேஜைக்கு அடியில், கதவு இடுக்கில் என்று ஒரு மணி நேரம் தேடினேன். முடிகள் கிடைத்தன. நீளமானவை அவளுடையவை, நரைத்தவை என்னுடையவை. எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அன்று பெல்ட் ஓரமாக நடந்துபோகும்போது, என் வலது கை ஆள்காட்டி விரல் கைப்பிடிக் கம்பியின்மேல் தானாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கூட வந்தவர் பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

வயர் உறுதியாகத்தான் இருந்தது. கழற்றிச் சொருகி மூடினேன், பலன் இல்லை. நான்காம் நாள் காலை லேப்டாப்பைப் பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன். கடைக்காரர் அப்போதுதான் கடையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றியிருந்தார். விபூதி வைத்த விரலால் டச்பேடை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"பேடு போயிருக்கும் சார். வேற போட்டுடலாம். வச்சிட்டுப் போங்க, சாயந்தரம் ரெடி."

"இதுல இருக்கிற பழசு?"

"அதை என்ன சார் பண்றது. குப்பைதான்."

அவர்மேல் தப்பில்லை. நானும் கெட்டுப்போன ஸ்விட்சை அப்படித்தான் தூக்கிப் போடுவேன். ஆனால் லேப்டாப்பை அவர் கையிலிருந்து கொஞ்சம் வெடுக்கென்றுதான் வாங்கிக்கொண்டேன். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. தங்கைக்குச் சீக்கிரமே கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று மனைவி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டிருக்கிறாள். பயணப் பை கூடத்தில் கிடந்தது. அவள் அவனுடைய அறையில், வெறும் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கங்க அது?"

"டச்பேட் வேலை செய்யல. கடைக்குக் கொண்டுபோனேன்."

"வேலை செய்யலன்னு யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன். நாலு நாளா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

என் தோளிலிருந்து பையை வாங்கினாள். லேப்டாப்பை மேஜையில் வைத்துத் திறந்து, போட்டாள். குவார்ட்டர்ஸ் எண்ணை என்னைவிட வேகமாகத் தட்டினாள். கீழ்வரிசையில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே மேல்வரிசையில் இன்னொன்றைத் தட்டினாள். மேலே இருந்த அந்தப் பொத்தானில் ஒரு சின்னக் கட்டமும் குறுக்கே ஒரு கோடும் வரைந்திருந்தது. பிறகு சுண்டுவிரல் நுனியால் டச்பேடின் மூலையை, மூலையை மட்டும், தொட்டாள். அம்பு நகர்ந்தது.

"நாந்தான் நிறுத்தி வச்சேன்," என்றாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அவன் கேம் ஆடச்சொல்லோ கை படக் கூடாதுன்னு இதத்தான் அமுக்குவான். காபி குடுக்க வரச்சொல்லோ எத்தினி வாட்டி பாத்துகினு நின்னுருக்கேன்."

"நீ எதுக்கு நிறுத்துன?"

அவள் ஜன்னலைத் திறந்தாள். அந்த அறைக்குக் கிழக்கு ஜன்னல், பதினோரு மணிவரை வெயில் மேஜைமேல் சாய்ந்து விழும்.

"அவன் வெரலு அதுல இருந்துச்சிங்க. வெயில்ல சாச்சிப் பாத்தா ரேகைகூடத் தெரியும். நீங்க வேலைக்கிப் போனப்புறம் தெறந்து பாத்துகினு இருப்பேன். யாரு கையாவது பட்டுடப் போவுதேன்னு நிறுத்தி வச்சேன். நீங்கதான சொல்லுவீங்க, சுச்சை நிறுத்திட்டா ஒருத்தரும் கை வக்க மாட்டாங்கன்னு."

சொல்வேன். சாப்பிடும்போதெல்லாம் அவளிடமும் அவனிடமும் பெருமையடித்த விஷயம் அது. பெல்ட்டில் வேலை செய்ய இறங்குகிறவன் ஸ்விட்சை நிறுத்தி, தன் பெயர் எழுதிய அட்டையை அதில் மாட்டிவிட்டு இறங்குவான். அவனே வந்து அட்டையை எடுக்கிறவரை எவ்வளவு பெரிய அதிகாரியும் அந்த ஸ்விட்சைத் தொட முடியாது. அவள் அதைக் கேட்டு, நம்பி, அப்படியே செய்திருக்கிறாள். ஸ்விட்சை நிறுத்தியிருக்கிறாள். அட்டை மாட்டவில்லை. தன் புருஷனுக்கு, நின்றுபோன எதைக் கண்டாலும் கை அரிக்கும் என்பதை மறந்துவிட்டாள். அவள் நிறுத்தாமல் விட்டிருந்தால், படத்தை எடுத்துக்கொண்டு நான் போயிருப்பேன். நிறுத்தியதனால்தான் நான்கு நாள் அதன்மேல் தேய்த்தேன். ஆனால் முதல் துடைப்புக்கு அவள் பொறுப்பில்லை. அது லேப்டாப்பைப் போடுவதற்கும் முன்னால், நானாகச் செய்தது.

சொல்லியிருக்க வேண்டும். துடைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அதற்குள் அவள் லேப்டாப்பை வெயிலுக்குத் திருப்பிவிட்டாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, டச்பேடுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்குப் போடுகிறவன் கயிற்றைச் சரிபார்க்கும்போது நிற்கிற ஆள் இப்படித்தான் நிற்பான்.

"இருக்குது," என்றாள்.

எட்டிப் பார்த்தேன். இருந்தது. வட்டமாக, எண்ணெய்ப் பிசுக்காக, ரேகையோடு இருந்தது. நான்கு நாள் இழுத்த என் விரலாக இருக்கலாம். காலையில் கடைக்காரர் வைத்த விபூதி விரலாகவும் இருக்கலாம்.

"ஒரு வருசம் ஆவப்போவுது. காயாம இருக்குது பாருங்க," என்றாள்.

அதே இரண்டு பொத்தான்களை அழுத்தி மறுபடி நிறுத்தினாள். மூடினாள். மூடியின்மேல் நான் துடைத்த பளபளப்பைக் கவனித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு மூன்று வருஷம் ஆகிவிட்டது. நான் அவளிடம் சொல்லவே இல்லை. முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்வது கஷ்டம், ஒரு மாதம் கழித்துச் சொல்வது அதைவிடக் கஷ்டம், இப்போது எப்படிச் சொல்வது என்றே தெரியாது. அவள் தினமும் பார்ப்பதில்லை. ஆனால் அவன் போன தேதி மாதாமாதம் வரும்போது, காலையில் குளித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, அதைத் திறந்து பார்ப்பாள். ஒரு மாதம் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மத்தியானம் அவள் படுத்திருந்தபோது நான் போய்ச் சாய்த்துப் பார்த்தேன். தடம் மங்கியிருந்தது. மேலே தூசி வேறு.

அன்றுதான் ஆரம்பித்தேன். தேதிக்கு முதல் நாள், அவள் பஜாருக்கோ கோயிலுக்கோ போகிற நேரம் பார்த்து, லேப்டாப்பைத் திறப்பேன். தூசியை ஊதமாட்டேன், மயிலிறகு ஒன்று வைத்திருக்கிறேன், அதனால் ஒதுக்குவேன். நடுவில், கொஞ்சம் வலது பக்கமாக, என் ஆள்காட்டி விரலை ஒரு முறை அழுத்தி வைத்து எடுப்பேன். மூடிவிட்டு வந்துவிடுவேன். மறுநாள் அவள் பார்ப்பாள். "இருக்குது" என்பாள். ஆமாம் என்பேன். அவனுக்குச் செய்கிறேனா, அவளுக்குச் செய்கிறேனா, எனக்கே செய்துகொள்கிறேனா என்று தெரியவில்லை. அந்த அறையில் ஆவி என்று ஒன்று நடமாடினால் அது நான்தான்.

ஒரு சுத்தம் மட்டும் வைத்துக்கொண்டேன். போவதற்கு முன் பின்பக்கக் குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவேன். பெல்ட் கிரீஸோடு அதைத் தொடக் கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். இரண்டு முறை கழுவி, நகக்கண் எல்லாம் தேய்த்து, துண்டில் துடைத்துவிட்டுத்தான் போவேன். கழுவின விரல் சரியாகப் பதியாது. அதனால் பலமாக அழுத்த வேண்டியிருக்கும்.

போன மாதம் அவள் எங்கும் கிளம்பவில்லை. காலையிலிருந்து அடுப்படியில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது, மறுநாள் தேதி. பார்க்க மாட்டாள் என்ற தைரியத்தில் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து, சோப்பை எடுத்தேன். அடுப்படி ஜன்னல் குழாயடிக்கு நேர் மேலே இருக்கிறது. நறுக்குகிற சத்தம் நின்றது. அவள் தலையைத் தூக்காமலேதான் பேசினாள்.

"ஏங்க, சோப்பு போடாதீங்க. கழுவிட்டு வச்சீங்கன்னா சரியா பதிய மாட்டேங்குது."

நறுக்குகிற சத்தம் மறுபடி தொடங்கியது. நான் குழாயை மூடினேன்.